லஸ்கர் தாத்தாவும் நான் எடுக்கப்போகும் படிப்பும்

பிளஸ் டூ தேர்வு முடிந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "அடுத்து என்ன படிக்கப்போகிறாய்?" நீர்ப்பாசனப் பொறியியல், அது கிடைக்காவிட்டால் சிவில் என்று சொல்கிறேன். கேட்டவர் முகம் மாறிவிடுகிறது. "கணக்கு நன்றாக வருகிற பிள்ளை. கம்ப்யூட்டர் எடுக்கச் சொல்லாமல் விட்டுவிட்டாயே" என்று அம்மாவிடம் திரும்புகிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா போனில் அரை மணி நேரம் எனக்குப் புத்தி சொன்னார். அக்கறையில் சொல்கிறார் என்று தெரியும். அவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாறு கடலில் போய்ச் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கிறது. சுத்தமான கடைமடை. நீடாமங்கலம் மூணாறு தலைப்பில், காவிரியின் கிளையான வெண்ணாற்றுத் தண்ணீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது. கோரையாற்றுப் பங்கு வழியெல்லாம் வாய்க்கால்களுக்குப் போனது போக மிச்சம்தான் எங்களுக்கு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கே பூத்தூவி வரவேற்கிற படம் செய்தித்தாளில் வந்து, அது பழைய தாளாகி, மடித்து வைத்த பிறகுதான் எங்கள் வாய்க்கால் நனையும். அதனால் ஜூனில் தொடங்கும் குறுவை நெல்லை நம்புகிறவர்கள் இங்கே குறைவு. நேரடி விதைப்பில் சம்பா ஒரு போகம், அவ்வளவுதான். அந்த ஒரு போகத்துக்கும் கார்த்திகையில் வெள்ளத்தால் ஆபத்து, தை மாதத்தில் தண்ணீர் பற்றாமல் ஆபத்து.

ஒன்பதாம் வகுப்பில் 'என் முன்மாதிரி' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் பாதிப்பேர் அப்துல் கலாமைப் பற்றி எழுதினோம். நானும் எழுதினேன். கலாம் மீது அன்று இருந்த மரியாதை இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் விண்வெளி விஞ்ஞானி ஒருவர் காலையில் வேலைக்குப் போய் மாலை வரை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. ஒருவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அது நமக்குப் பிடிக்குமா, நம்மால் முடியுமா என்று புரியும் என நினைக்கிறேன். நான் அப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தவர் எங்கள் ஊர் லஸ்கர் தாத்தா.

லஸ்கர் என்றால் ஆற்று மதகுகளைத் திறந்து மூடிப் பராமரிக்கிற ஊழியர். சொந்தத் தாத்தா இல்லை, ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடுகிறது. பொழுது விடிந்ததும் சைக்கிளில் வந்து, மதகுச் சுவரில் அடி, அங்குலம் குறித்திருக்கும் அளவுப் பலகையைப் பார்த்து நோட்டில் எழுதுவார். பிறகு பிரிவு அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்வார். ஷட்டரைத் தூக்குவதற்கு இரும்புக் கைப்பிடியைத் திருக வேண்டும். பல சுற்று சுற்றினால் ஒரு சாண் ஏறும். திருகுகிறபோது இடது உள்ளங்கையைத் தண்டின் மேல் வைத்துக்கொள்வார். அடியில் வெங்காயத்தாமரையோ மரக்கட்டையோ சிக்கியிருந்தால் தண்டு அதிரும் விதம் வேறாம். என் கையையும் வைத்துப் பார்க்கச் சொன்னார். முதலில் எனக்கு எல்லா அதிர்வும் ஒன்றாகத்தான் தெரிந்தது. போகப் போக வித்தியாசம் பிடிபட்டது.

எங்கள் மதகுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. மேலே ஆற்றுத் தண்ணீர், கீழே கடல் வாடை. இப்படிக் கடைசியாக இருக்கிற மதகைக் கடைமடை இயக்கணை என்பார்கள். கோடையில் ஆறு வற்றும்போது கடல்நீர் ஏறி வராமல் தடுப்பது இதுதான். உப்பு உள்ளே வந்தால் வாய்க்கால் வழியாக வயலுக்கும் போய்விடும், அடுத்த விதைப்பு முளைக்காது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் ஏற்றம் கூடுதலாக இருக்கும் என்பதால் அந்த நாள்களில் தாத்தா வீட்டில் இருக்க மாட்டார். பலகை இடுக்கில் நீர் கசிகிறதா என்று பார்த்து, கையில் ஏந்தி, நாக்கில் வைத்துத் துப்புவார். "இன்றைக்குக் கரிக்கிறது ஆத்தா, சாக்கு வைத்து அடைக்க வேண்டும்" என்பார்.

2021 ஜனவரியில் கதிர் முற்றிய நேரத்தில் மழை கொட்டியது. டெல்டா முழுக்கப் பயிர் சாய்ந்தது. கொரோனாவால் பள்ளி மூடியிருந்த காலம், நான் வீட்டில்தான் இருந்தேன். மேலே உள்ள ஊர்களில் வடிகிற தண்ணீர் எல்லாம் எங்கள் பக்கம் வந்துதான் கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும்போது ஷட்டரைத் தூக்கினால் நம் தண்ணீர் வெளியே போகாது, கடல்தான் உள்ளே வரும். மூடியே வைத்திருந்தால் வயல் மூழ்கும். ஆகவே கடல் இறங்கும் வற்றம் எப்போது தொடங்குகிறது என்று பார்த்துத் திறந்து, ஏற்றம் திரும்பும் முன்னால் மூட வேண்டும். அன்று இரவு அப்பா கையில் டார்ச்சோடு போனார், நானும் பின்னால் ஓடினேன். தாத்தா ஒரு வைக்கோல் பிரியைக் கிள்ளிக் கீழ்ப்பக்கம் போட்டுவிட்டு, அது எந்தத் திசையில் நகர்கிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். மதகை ஒட்டியே கிடந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் நகரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் "திறந்துவிடு, திறந்துவிடு" என்று சத்தம் போட்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பிரி மெல்ல விலகி அலையாத்திக் காட்டுப் பக்கம் போகத் தொடங்கியதும் "இப்போது திருகுங்கள்" என்றார். நாலு பேர் மாற்றி மாற்றித் திருகினார்கள். எங்கள் வயலில் பாதியாவது தேறியது. அத்தனை பேர் கூச்சலுக்கு நடுவில் அந்த மனிதர் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிதானம் எனக்கு வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

இதை ஒரு படிப்பாக எனக்குக் காட்டியவர் எங்கள் வேதியியல் டீச்சர். பிளஸ் ஒன்னில் உப்புப் பகுப்பாய்வு செய்முறை நடந்துகொண்டிருந்தது. மதகுக்கு மேல்பக்கம் ஒரு பாட்டில், கீழ்ப்பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துப்போய், "இதைச் சோதிக்கலாமா டீச்சர்?" என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் பாடத்தை முடி என்று சொல்லியிருப்பார்கள். அவர் இரண்டு சோதனைக் குழாய்களை எடுத்துக் கொடுத்தார். முதலில் சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு வெள்ளி நைட்ரேட். மேல்பக்கத் தண்ணீர் லேசாகக் கலங்கியது. கீழ்ப்பக்கத் தண்ணீரில் மருந்து விழுந்த இடத்திலேயே தயிர் போலத் திரிதிரியாக வெள்ளை வீழ்படிவு இறங்கியது. வகுப்பே கூடி நின்று பார்த்தது. தாத்தாவின் நாக்கு சொன்னதும் குழாய் சொன்னதும் ஒன்றுதான். "எவ்வளவு உப்பு என்று சொல்லத் தெரிந்தால்தான் யாரும் கேட்பார்கள்" என்றார் டீச்சர். அந்த 'எவ்வளவு' என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

அதன் பிறகு செய்தியில் வரும் எண்களை எல்லாம் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. வகுத்தால், வினாடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு, தொலைக்காட்சியில் காவிரி பற்றிப் பேசுகிறவர்கள் யார் கணக்கோடு பேசுகிறார்கள், யார் வெறுமனே கத்துகிறார்கள் என்று எனக்கே தெரிகிறது.

புத்தகத்தில் படித்தவர்களில் என் மனத்துக்கு நெருக்கமானவர் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன். 1821 இல், பதினெட்டு வயதில் சென்னைக்கு வந்தவர். கிட்டத்தட்ட இப்போது எனக்கிருக்கும் வயது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுவதால் தண்ணீரெல்லாம் அதில் இறங்கி, காவிரி மணல் மேவிப் போய், தஞ்சை வயல்கள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் 1830களில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பினார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் கல்லணையைப் பார்த்த விதம். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடுகிற வித்தையை இந்த மண்ணின் பழைய ஆட்களிடமிருந்தே கற்றுக்கொண்டோம் என்று அவரே எழுதியிருக்கிறார். பாறை தேடித் தோண்டாமல், பெரிய கற்களைப் போட்டு, அவை மணலில் இறங்கி நிலைகொள்ளும் வரை மேலே மேலே அடுக்குகிற முறை. கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டப் போகும்போது இந்தப் பாடம் அவரோடு போனது. ஆளுகிற இடத்திலிருந்து வந்த ஒருவர் கரையில் நின்று கற்றுக்கொண்டார் என்றால், இங்கேயே பிறந்த நான் லஸ்கர் தாத்தாவிடம் கற்றுக்கொள்ளாமல் எங்கே போய்க் கற்பது?

கட்டியதோடு வேலை முடிவதில்லை என்பதையும் முக்கொம்பே காட்டியது. 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் மேலணையில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போயின. அதே ஆண்டு நவம்பரில்தான் கஜா புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்தது. பழையதைப் பார்த்துக்கொள்ளவும் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்க எனக்கு ஆசை.

"பெண் பிள்ளை வெயிலில் சைட்டில் நிற்பாளா?" என்று கேட்ட உறவினருக்கு அம்மாவே பதில் சொல்லிவிட்டாள். "நான் களை பறிக்கிறபோது யாரும் வந்து வெயில் என்று சொல்லவில்லையே அண்ணே. என் மகள் படித்துவிட்டு நின்றால் மட்டும் சுடுமா?" அதற்கு மேல் அவர் பேசவில்லை.

நான் சேர ஆசைப்படுகிற கிண்டி பொறியியல் கல்லூரி 1794 இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அங்கே 1940களில் மூன்று பெண்கள் பொறியியல் முடித்தார்கள். மின் பொறியியல் படித்த ஏ. லலிதா பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு இருந்தவர். 1943 இல் பட்டம் பெற்று, பின்னாளில் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கும் வேலை செய்தார். சிவில் படித்த பி.கே. திரேசியா 1971 இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இவர்கள் பெயர் ஏன் எங்கள் வகுப்பறைச் சுவரில் இல்லை என்று எனக்கு உண்மையாகவே வருத்தம். பத்தாம் வகுப்போடு நின்றுபோன என் தோழி ஒருத்தி இவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் தன் வீட்டில் இன்னும் கொஞ்சம் வாதாடியிருப்பாள்.

பணத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும். தனி நுழைவுத் தேர்வு கிடையாது. கணக்கு நூற்றுக்கு, இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கு எனக் கட் ஆஃப் போடுவார்கள். என் தம்பி வகுப்புப் பிள்ளைகளில் பலருக்கு இதுகூடத் தெரியவில்லை, ஆகவே எழுதி வைக்கிறேன். படிப்பு முடிந்ததும் அரசுப் பணியாளர் தேர்வு எழுதி நீர்வளத் துறையில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டும் என்பது என் கணக்கு. கம்ப்யூட்டர் படித்தவர்களைவிடச் சம்பளம் குறைவாக இருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் தேர்ந்தெடுக்கிறேன், சித்தப்பா.

தாத்தாவிடம் அலுவலக நோட்டு போக, சொந்தமாக ஒரு கட்டு நோட்டு இருக்கிறது. நீர்மட்டம், திதி, காற்றின் திசை, கரிப்பு உண்டா இல்லையா என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களைக் கறையான் தின்றுவிட்டது. இந்த விடுமுறையில் அவற்றைப் பள்ளிக் கணினியில் அட்டவணையாக ஏற்றிக்கொண்டிருக்கிறேன். புரியாத குறிப்புகளை மாலையில் போய்க் கேட்டுக்கொள்கிறேன். அவர் ஓய்வு பெறுவதற்குள் முடித்துவிட வேண்டும்.

கிண்டியில் வேளாண் மற்றும் நீர்ப்பாசனப் பொறியியல் படிக்கிற அக்காக்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் ஆண்டில் எந்தப் பாடம் சிரமம், இப்போதிருந்தே எதைப் படித்து வைக்கலாம், ஆற்றில் நேரடியாக அளவெடுக்கிற பயிற்சி எந்த ஆண்டில் வருகிறது என்று தெரிய வேண்டும்.