தவக்கால வெள்ளியில் மடுத்தாயிடம்

ஆடி, ஆவணித் திருவிழாக்களுக்கு மன்னார் மடு மாதா கோயிலுக்குப் போனால் மாதாவின் முகத்தை விட முன்னால் நிற்பவரின் பிடரியைத்தான் கூடப் பார்க்கலாம். நேர்த்தி வைத்துக் காத்திருக்கிற சனத்துக்குத் தவக்கால வெள்ளிதான் தோது.

மடுறோட் சந்தியிலிருந்து கோயில் சுமார் 12 கிலோமீற்றர். வெயிலுக்குத் தப்ப இருட்டோடு வெளிக்கிடுவது பிழை. இரண்டு பக்கமும் காடு, யானை இருக்கிற இடம். நிலம் வெளுத்த பிறகு, கூட்டமாகவே நடக்க வேணும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். பங்குனியில் பத்து மணிக்குத் தார் கொதிக்கும், வெறுங்காலோடு நேர்ந்தவர்கள் அதற்குள் கோயில் வளவைப் பிடித்துவிட வேணும். கரையில் இறங்கினால் நெருஞ்சி முள்.

வழியில் மயங்குகிறவர்கள் பெரும்பாலும் நோன்பென்று சாப்பாட்டோடு தண்ணீரையும் சேர்த்து விட்டவர்கள். ஒருநேரம் மட்டும் வயிறாரச் சாப்பிடுகிற ஒருசந்தி 18 முதல் 59 வயது வரைக்கும், அதுவும் விபூதிப் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும்தான். மற்ற வெள்ளிகளுக்கு 14 வயதிலிருந்து சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது. தண்ணீரைத் திருச்சபை ஒருநாளும் தடுக்கவில்லை. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு போத்தல் உப்புக் கஞ்சி. மெழுகுதிரியை ஈரத்துணியில் சுற்றிப் பையின் அடியில் வையுங்கோ, மேலே வைத்தால் வில்லாக வளைந்துவிடும்.

சந்தியில் ஓட்டோக்காரர் "உங்களால் ஏலாது, ஏறுங்கோ" என்று கூடவே உருட்டிக்கொண்டு வருவார். கோயிலடியில் விலை கேட்க முதலே மெழுகுதிரியைக் கையில் திணிப்பார்கள். வாய் திறக்காமல் நடப்பதும் ஒரு ஒறுத்தல்தான்.

சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் ஒரே இடத்தில் நின்று வாசித்து முடிக்கிற பழக்கம் இப்போது கூடிவிட்டது. பாவத்துக்கான தண்டனை முழுதும் நீங்குகிற பரிபூரண பலன் வேண்டுமென்றால் நிலைக்கு நிலை நகர வேணும். சனம் நெருக்கமென்றால் நடத்துகிறவராவது நகர வேணும்.

பிறகு மாதாவின் சுரூபத்துக்கு முன்னால். 1670இல் ஒல்லாந்தருக்குத் தப்பி, மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் காட்டுக்குள் சுமந்து வந்த தாய். முடி சூட்டியது 1924 ஆடி 2இல், 254 வருசம் கழித்து. 2008 சித்திரையில் யுத்தச் செல்லடிக்குள் தேவன்பிட்டிக்குப் போய், ஆவணியில் திரும்பி வந்தவ. கேட்டது இன்னும் கிடைக்கவில்லை என்று முறைப்பாட்டோடு வருகிறவர்களுக்கு இங்கே குரல் எழும்பாது.

காணாமல்போன பிள்ளையைத் தேடுகிற தாய்மார் பிள்ளையின் படத்தைப் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுவருவார்கள். வியர்வை பட்ட மூலையைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மாதாவின் முகத்துக்கு நேரே பிடிப்பார்கள். முதலில் வருவது கேள்வி அல்ல, நன்றி. "இவ்வளவு நாளும் தாங்க வைச்சனியே, தாயே." படத்தைப் பீடத்தடியில் விட்டுவிட்டுப் போவதில்லை. திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கு எத்தனை மணி பஸ் என்று விசாரிப்பார்கள்.