அந்த ஆயிரம் ரூபாய்

பணம் வருமா என்று அவன் கேட்கவே இல்லை, நானாகத்தான் வாயைவிட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

என் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் 15 நாளாகப் பள்ளிக்கு வரவில்லை. பொதுத்தேர்வு எழுதுகிறவர்கள் பட்டியல், அதாவது நாமினல் ரோல், போகிற நேரம், பேரை ஏற்றுவதா விடுவதா என்று தலைமையாசிரியர் தினமும் கேட்கிறார். சாயங்காலம் வீட்டுக்கே போனேன். திருப்பூரில் வேறெங்கே போவான், பனியன் கம்பெனிதான், பிசிறு வெட்டுகிற வேலை. அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தான், புருவமெல்லாம் வெள்ளைப் பஞ்சு. வயது 15. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 முடிந்தவன் ஆபத்தில்லாத வேலைக்குப் போகலாம், அதனால் சட்டத்தைச் சொல்லி மிரட்டவும் வழியில்லை. (வழி இருந்தால் மிரட்டியிருப்பேன்.)

"சனிக்கிழமையானா கையில காசு வருதுங்க சார். பத்தாவது பாஸானா என்னங்க சார் வரும்?"

நக்கல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். அவன் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "படிச்சா கவர்ன்மெண்டே மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்குதுடா, தமிழ்ப் புதல்வன்னு" என்றேன்.

பொய் இல்லை. 2024 ஆகஸ்டிலிருந்து கொடுக்கிறார்கள். ஆனால் காலேஜிலோ ஐடிஐயிலோ சேர்ந்த பிறகுதான். அதை நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் வந்துவிட்டான். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பாராட்டினார்கள், வாங்கிக்கொண்டேன்.

மறந்துவிட்டேன் என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மறதியாவது ஒன்றாவது, முழுசாகச் சொன்னால் வரமாட்டான் என்று தெரிந்துதான் பாதியில் நிறுத்தினேன். சரி, பத்தாவதைத் தாண்டாவிட்டால் பின்னால் பல வேலைகளுக்கு விண்ணப்பமே போட முடியாதே, அதற்காக அரைப்பொய் சொன்னால் என்ன என்று ஒரு மனசு கேட்கும். உடனே, இந்த ஊரில் நல்ல டெய்லர் வாங்குகிற சம்பளம் எங்கள் தற்காலிக ஆசிரியருக்குக் கிடையாது என்பதும் ஞாபகம் வரும், அது அவனுக்கும் தெரியும். நான் போனது அவனுக்காகவா, நாமினல் ரோலுக்காகவா? இரண்டுக்கும்தான் என்று சொல்லிக்கொண்டால் ராத்திரி தூக்கம் வருகிறது, அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தான்.

"சார், அந்த ஆயிரத்துக்கு பேங்க்ல அக்கவுண்ட் ஆரம்பிக்கணுமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"ஆமாடா, திங்கக்கிழமை ஆதார் கொண்டா" என்றேன்.