எந்த ஊரிலிருந்து பேசுகிறாய்?

மே 6, 2024, திங்கள்

பிளஸ் டூ ரிசல்ட். எங்கள் ஆதரவற்ற பிள்ளைகள் விடுதியில் எழுதிய மூன்று பையன்களும் பாஸ். பெரியவன் 412. சொந்தக்காரர்களுக்குச் சொல்லுங்கள் என்று என் போனைக் கொடுத்தேன். ஒருவனுக்கு மாமா, இன்னொருவனுக்குப் பாட்டி. பெரியவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அப்புறம் பத்தடி தள்ளிச் சமையல்கட்டில் இருந்த ஆச்சிக்கே அடித்தான். ஆச்சி அடுப்பைத் தணித்துவிட்டுப் போனை எடுத்தார்.

"ஆச்சி, நான் பாஸாயிட்டேன்."

"அப்படியாய்யா! எந்த ஊர்ல இருந்து பேசுத?"

சிரித்துச் சிரித்துச் சோறு அடிப்பிடித்துவிட்டது.

மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். சர்ச்சில் ஆராதனை முடிவில் பிள்ளைகளெல்லாம் அவரவர் அம்மாவுக்கு ரோஜா கொடுக்க ஏற்பாடு. எங்கள் பையன்கள் கையிலும் ஆளுக்கொரு பூவைக் கொடுத்துவிட்டார்கள். போதகர் ஐயரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். போன வருஷமும் இப்படித்தான் நினைத்தேன். சின்னவன் பூவைச் சட்டைப்பையில் வைத்தான். வேனில் வரும்போது ஒவ்வொரு இதழாகப் பிய்த்துத் தின்றுவிட்டான்.

மே 27, திங்கள்

பெரியவனின் சாதிச் சான்றிதழுக்காக மூன்றாவது நடை. பத்து வயதுக்குள் தாய் தகப்பனை இழந்து, கவனிக்க யாருமின்றி, அங்கீகாரம் பெற்ற இல்லத்தில் வளரும் பிள்ளைகளை அரசு பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசாணை நகல் என் கையில் இருந்தது. இருந்தும், "அப்பா என்ன ஆளுங்க?" என்று அவனைப் பார்த்தே கேட்டார்கள். விசாரித்துவிட்டுத்தான் தருவார்களாம். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கிறதுதான் சுத்தமான பக்தி என்கிறது வேதாகமத்தில் யாக்கோபு நிருபம். அதே வார்த்தைதான். வாசலுக்கு வந்ததும் அவனே எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 10, திங்கள்

சான்றிதழ் போன வாரமே வந்துவிட்டது. கல்லூரிக்குத்தான் போகமாட்டேன் என்கிறான்.

இன்று பள்ளிக்கூடம் திறந்தது. பெரியவனுக்கு 18 முடிந்ததும் இன்றுதான், பதிவேட்டின்படி. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பள்ளியில் போட்ட தேதி அது. உண்மையான தேதி யாருக்குத் தெரியும்? 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி இனி அவன் இங்கே இருக்க முடியாது. 21 வயது வரை ஆதரவு கொடுக்க அதே சட்டத்தில் வழி உண்டு. அதைச் சொன்னேன். "போதும்ண்ணே. இனிமே யார் பிறந்தநாளுக்கும் வரிசையில நின்னு பிரியாணி வாங்கி போட்டோவுக்குச் சிரிக்க என்னால முடியாது." ஓசூரில் கம்பெனி வேலை, கூட்டாளி ஒருவன் பார்த்து வைத்திருக்கிறான். நான் கத்திவிட்டேன். நன்றி கெட்டவன் என்றுகூட ஒரு வார்த்தை வந்துவிட்டது. ராத்திரி ஜெபத்தில் எனக்கு வாயே வரவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். ஒரு பெட்டி, ஒரு போர்வை, வேதாகமம். ஆச்சி முறுக்கு சுட்டுக் கொடுத்தார். சாரி சொல்ல நினைத்தேன். பஸ் கிளம்புகிறவரை டிக்கெட், சில்லறை என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். ராத்திரி பார்த்தால் சின்னவன் தன் பாயை அவன் இடத்தில் விரித்திருக்கிறான்.

ஜூலை 7, ஞாயிறு

மூன்று வாரமாக ஒரு போன் இல்லை. நான் அடித்தாலும் எடுப்பதில்லை. மோட்டாரும் அவன் போன மறுநாளிலிருந்து ஓடவில்லை. பையன்கள் கிணற்றில் வாளி போட்டு இறைக்கிறார்கள்.

இன்று மத்தியானம் ஆச்சியின் போன் அடித்தது. அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.

"எந்த ஊர்ல இருந்துய்யா பேசுத?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "ஓசூரு, ஆச்சி."

ஆச்சி அப்படியே அரிவாள்மனைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பதினைந்து நிமிஷம் பேசினார்கள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். போன் என்னிடம் வரவில்லை. வைத்த பிறகு ஆச்சி சொன்னார்: "மோட்டார் சுவிட்சை ரெண்டு தடவை தட்டணுமாம். அண்ணன்கிட்ட சொல்லச் சொன்னான்."

தட்டினேன். ஓடுகிறது.