எரிவாயு உலையும் பர்னரோடு பட்ட பாடும்

தடித்த இரும்புக் குழாய்த் துண்டொன்றின் உட்புறத்தில் 25 மி.மீ. தடிமனுள்ள, வெப்பம் தாங்கும் செராமிக் இழைக் கம்பளியை இரண்டு அடுக்காகச் சுற்றி முடித்தபோது, உலை வேலையில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டதாகவே நினைத்தேன். உண்மையான பாடு பர்னரில்தான் காத்திருந்தது. ஏறத்தாழ 1 மி.மீ. துளையிலிருந்து சீறிப் பாயும் புரோப்பேன் எரிவாயு, தன் வேகத்தாலேயே வெளிக்காற்றை இழுத்துக் குழாய்க்குள் கலக்க வேண்டும் என்பதால், அத்துளை குழாயின் நடு அச்சிலிருந்து இம்மி விலகினாலும் சுடர் ஒருபக்கம் சாய்ந்து திணறுகிறது. முதல் நாள் உலைவாயிலிருந்து மஞ்சள் நாக்குகள் நீண்டன, காற்று போதவில்லை. துளையை நேராக்கி, காற்றுவழியையும் சற்று அகலப்படுத்திய பிறகே பர்னர் சீராக உறுமியது, சிறிது நேரத்தில் உட்சுவர் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது.

சமையல் அடுப்பின் ரெகுலேட்டர் இதற்கு உதவாது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய உயர் அழுத்த ரெகுலேட்டரே வேண்டும்.

கம்பளியின் மேல் பூசும் தீத்தாங்கு காரை அழகுக்காக அன்று, நுரையீரலுக்குள் போகக்கூடிய நுண்ணிழைகளை அடக்கி வைப்பதற்காக. அது முழுதும் உலருமுன் நான் அவசரப்பட்டுச் சூடேற்றியதில், ஓரிடம் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது, மறுபடி பூசினேன். எரிவாயு சரியாக எரியாதபோது உண்டாகும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது என்பதால், உலையை நான்கு புறமும் திறந்த கூரையின் கீழ் மட்டுமே மூட்டுகிறேன்.