ஏழாவது நிபந்தனை

இங்கிலாந்தில், ஃபாஸ் வே என்ற பழைய ரோமானியச் சாலையை ஒட்டிய ஒரு கோதுமைப் பண்ணையில் அலுவலக வேலை பார்க்கிறேன். போன வருடம் தானியக் களஞ்சியம் ஒன்றை, உலர்த்தும் இயந்திரத்தோடு சேர்த்துக் கட்ட உள்ளாட்சியிடம் பிளானிங் அனுமதி (கட்டுமான அனுமதி) கேட்டோம். மார்ச்சில் கிடைத்தது. அதிலிருந்த ஏழாவது நிபந்தனையை யாரும் சரியாகப் படிக்கவில்லை, நானும்தான்.

தொல்லியல் ஆய்வுத் திட்டம் எழுத்தில் ஒப்புதல் பெறும்வரை மண்ணைத் தொடக்கூடாது என்பதுதான் அது. எங்கள் ஏஜென்ட் "ரெண்டு மூணு குழி தோண்டிப் பார்ப்பாங்க, ஒரு வாரம்தான்" என்றார். அதை நம்பி ஜூனுக்குக் கட்டட ஒப்பந்தக்காரரையும் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டோம். மே மாதம் தொல்லியல் நிறுவனங்களிடம் விலை கேட்டபோதுதான் புரிந்தது: முதலில் காந்தமானியால் (மண்ணுக்கடியில் இருப்பதைக் காந்தப்புல மாற்றத்தை வைத்துக் காட்டும் கருவி) நிலத்தை அளக்க வேண்டும், பிறகு சோதனைக் குழிகள், அதில் ஏதாவது தென்பட்டால் முழு அகழாய்வு. வயலிலோ முழங்காலுக்கு மேல் கோதுமை நிற்கிறது. அறுவடை வரை காத்திருந்தோம், முன்பணம் போனது போனதுதான்.

இங்கே 1990-லிருந்தே இந்த மாதிரி ஆய்வுச் செலவைக் கட்டடம் கட்டுபவர்தான் ஏற்க வேண்டும் என்பது நடைமுறை. அதனால் இடத்தை முடிவு செய்வதற்கு முன்பே உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தொல்லியல் பதிவேட்டைப் பாருங்கள். எங்கள் வயலில் ரோமானிய ஓடுகள் கிடைத்ததாக அதில் பல வருடங்களுக்கு முன்பே பதிவாகியிருந்தது, அது தெரிந்திருந்தால் களஞ்சியத்தை மேட்டுப் பக்கமாகத் தள்ளிப் போட்டிருப்போம்.

ஆகஸ்டில் தொல்லியல் குழுவினர் காந்தமானியோடு வந்தார்கள். முதல் நாள் முழுக்க வீண். வயல் ஓரத்தில் நாங்கள் நிறுத்தியிருந்த டிரெய்லரும் பழைய இரும்புக் கலப்பையும் அந்தப் பக்கத்து அளவுகளையெல்லாம் கெடுத்துவிட்டன. இரும்பு எதுவும் அருகில் இருக்கக்கூடாது, முன்கூட்டியே அகற்றிவிடுங்கள். சோதனைக் குழிக்குப் பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று எங்கள் ஜேசிபியையே அனுப்பினோம், அதன் வாளியில் பல் இருந்தது. பல் வைத்த வாளி அடியில் இருப்பதைக் கீறிவிடும், மண்ணின் நிறமாற்றமும் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பல்லில்லாத அகல வாளி வாடகைக்குக் கிடைத்து வர இரண்டு நாள் ஆனது. மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்லுங்கள், பிறகு நிலத்தை மூடும்போது அருமை தெரியும்.

குழிகளில் எல்லைப் பள்ளங்கள் தெரிந்ததால் மேற்குப் பாதியில் முழு அகழாய்வு என்று முடிவானது. புதிய ஆய்வுத் திட்டத்தைக் கவுண்டியின் தொல்லியல் ஆலோசகருக்கு அனுப்பினோம், "எனக்குச் சம்மதம்" என்று அவரிடமிருந்து மின்னஞ்சலும் வந்தது. அது போதும் என்று நினைத்ததுதான் தப்பு. அவர் ஆலோசகர் மட்டுமே, முடிவெடுப்பது பிளானிங் துறை. நிபந்தனையை நிறைவு செய்ததாக அவர்களுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. ஐந்து வாரம் கழித்து நான் போன் செய்தபோது அந்த அலுவலர் "எங்கள் கணினியில் உங்கள் பெயரில் எதுவும் இல்லையே" என்றார், அவ்வளவுதான், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டார். இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. விண்ணப்பம் போட்டு மறுபடியும் ஏழு வாரம்.

அதற்குள் டிசம்பர், ஒரே மழை. குழிகளிலிருந்து தினமும் காலையில் தண்ணீர் இறைத்துவிட்டுத்தான் அவர்கள் வேலையைத் தொடங்கினார்கள்.

ஆனால் கிடைத்ததைச் சொல்லியாக வேண்டும். சாம்பல் நிறப் பானை ஓடுகள், செருப்பு ஆணிகள், கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் சிப்பி ஓடுகள், ரோமானியர் காலத்து 'கால்' (Gaul) பகுதியில், அதாவது இன்றைய பிரான்ஸில், செய்த பளபளக்கும் சிவப்புப் பானை ஓடு ஒன்று. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோது புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டி எடுத்த இத்தாலியச் சிவப்பு ஓடுகள்தான் நினைவுக்கு வந்தன. அப்புறம், ஆங்கில 'டி' எழுத்து வடிவில் கல் வைத்துக் கட்டிய அடுப்பு ஒன்று, சூடான காற்று போகும் பாதையோடு. தானியம் உலர்த்தும் அடுப்பு என்றார் குழுத் தலைவி. சாம்பலைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சலித்ததில் கருகிய ஸ்பெல்ட் என்ற பழைய வகைக் கோதுமை கிடைத்தது, சில மணிகள் முளைவிட்டிருந்தன. நாங்கள் உலர்த்தும் இயந்திரம் வைக்க அளந்த இடத்திலிருந்து பத்தடிகூட இல்லை. முதலாளி மழையில் நின்று வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளத்தின் ஓரத்தில் ஒரு சிசுவின் எலும்புகளும் இருந்தன. மனித எலும்பு என்றால் நீதி அமைச்சகத்தின் உரிமம் வந்த பிறகுதான் எடுக்கலாம். விண்ணப்பத்தைத் தொல்லியல் குழுவே பார்த்துக்கொண்டது, நாங்கள் அந்த இடத்தை மூடி வைத்துக் காத்திருந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த ஒரே வெற்றி குழுத் தலைவியின் யோசனை. கிழக்குப் பாதியின் குழிகள் வெறுமையாக இருந்ததால் அங்கே மட்டும் கட்டுமானம் தொடங்கலாமா என்று பிளானிங் துறையிடம் கேட்கச் சொன்னார். கேட்டோம், எழுத்தில் அனுமதி வந்தது. இல்லையென்றால் இந்த ஆகஸ்ட் அறுவடையையும் வாடகைக் கிடங்கில்தான் போட்டிருப்போம்.

விலை கேட்கும்போது தோண்டிய பிறகான வேலை சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த மூன்றில் மலிவானதில் ஓடுகளை ஆராய்வதும் அறிக்கையும் அருங்காட்சியகத்தில் பெட்டி வைக்கும் கட்டணமும் இல்லவே இல்லை. வேலை முடியும்வரை படங்களை வெளியே பகிராதீர்கள், இரவில் மெட்டல் டிடெக்டரோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். புதையல் சட்டத்தில் வராத பொருள்கள் நிலச் சொந்தக்காரருக்கே சொந்தம், அவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கும் படிவத்தில் முதலாளி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை இன்னும் வரவில்லை, அது வரும்வரை ஏழாவது நிபந்தனையின் கடைசிப் பகுதி திறந்தேதான் இருக்கும். அதற்கான விண்ணப்பத்தை இப்போதே நிரப்பி வைத்திருக்கிறேன், பிளானிங் துறையின் பெயருக்கு.