கைச்சிகிச்சைக்குப் பின் தசையுறை நகர்கிறதா? அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்த அனுபவம்

இயன்முறை மருத்துவ முதுநிலைப் படிப்பின் ஆய்வேட்டுக்காக, குடியாத்தம் பகுதியில் பீடி சுற்றும் பெண்களின் இடுப்பு வலியை எடுத்துக்கொண்டேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, சம்மணமிட்டு, முன்குனிந்தபடியே பொழுதெல்லாம் செய்யும் வேலை அது. இடுப்பை அழுத்தியும் இழுத்தும் சிகிச்சை தந்தபின் “இப்போது இளகிவிட்டது” என்று எங்கள் துறையில் சொல்வது வழக்கம். எது இளகியது, எவ்வளவு இளகியது என்று யாராவது கேட்டால் விரல்நுனியைத் தவிர எங்களுக்கு வேறு சாட்சி கிடையாது. அந்த இளக்கத்தைப் படத்தில் பார்த்து அளக்க முடியுமா என்பதே என் கேள்வி.

முன்னோடியாக ஹெலீன் லாஞ்சவின் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு இருந்தது. அவர்கள் மோட்டார் பொருத்திய மேசையில் ஆட்களைப் படுக்கவைத்து, உடலை மெல்ல வளைத்து, முதுகிலும் இடுப்பிலும் பரந்திருக்கும் தசையுறையின் (தசைகளைப் போர்த்தியிருக்கும் இணைப்புத்திசுவின்) அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று எவ்வளவு வழுக்குகின்றன என்று அல்ட்ராசவுண்டில் அளந்தார்கள். நாட்பட்ட இடுப்பு வலி உள்ளவர்களிடம் அந்த நகர்வு சுமார் 20 விழுக்காடு குறைவாக இருந்தது. 2008இல் வெளிவந்த சௌத்ரி குழுவினரின் கணித மாதிரியோ, உள்ளங்கால், தொடை போன்ற இடங்களின் கெட்டியான தசையுறையை 1 விழுக்காடு உருமாற்றுவதற்கே சாதாரணக் கைவிசை போதாது என்று காட்டியிருந்தது. ஆகவே, தசையுறை கைக்கு நீண்டுகொடுத்ததா என்று தேடுவதை விட்டுவிட்டு, அடுக்குகளுக்கிடையே உள்ள நகர்வு மாறுகிறதா என்று பார்ப்பதே சரி என்று முடிவுசெய்தேன்.

இந்தியாவில் இத்தகைய ஆய்வில் இறங்குபவர் முதலில் படிக்க வேண்டியது உடற்கூற்றியல் அல்ல, சட்டம். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அல்ட்ராசவுண்ட் கருவியும் அது இருக்கும் இடமும் பதிவாகியிருக்க வேண்டும். தகுதியுள்ள மருத்துவரே அதை இயக்க வேண்டும். முதுகைத்தான் பார்க்கிறோம் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. எனவே புரோபை, அதாவது தோலில் வைத்துப் படமெடுக்கும் கைக்கருவியைப், பிடிப்பவர் கதிரியக்க மருத்துவர், சிகிச்சை தருபவள் நான் என்று வேலை பிரிந்தது. கருவியைக் கிராமத்துக்கு எடுத்துச்செல்லவும் வழியில்லாததால், அந்தப் பெண்கள் குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வேலூருக்கு வர வேண்டியதாயிற்று.

நெறிமுறைக் குழுவும் இந்த இடத்தில்தான் பிடித்தது. 1000 பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் அரை நாள் வேலையை விட்டு வந்தால் அந்தக் கூலிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பயணச் செலவோடு கூலி இழப்பையும் ஈடுகட்டுவதாக எழுதிச் சேர்த்த பிறகே ஒப்புதல் கிடைத்தது. அதன்பின் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவுசெய்தாக வேண்டும் என்பது விதி. கல்லூரி அட்டவணையில் இதற்கென்று தனியாக அவகாசம் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

ஸ்கேன் என்றதும் பெண்களின் வீடுகளில் வேறொரு சந்தேகம் எழுந்தது. “முதுகுக்கு எதுக்கும்மா ஸ்கேனு? வீட்ல மாமியா கேக்குறாங்க” என்றார் ஒரு அக்கா. சிலரின் மாமியாரையும் கூடவே வரச்சொல்லித் திரையைக் காட்டினோம். எந்த விளக்கத் தாளையும்விட அது நன்றாக வேலை செய்தது.

என் காலத்தில் பெரும்பகுதியை அளவீட்டை ஒழுங்குபடுத்துவதே எடுத்துக்கொண்டது. புரோபைச் சற்று அழுத்தினாலே கீழேயுள்ள அடுக்குகள் மெலிந்துவிடும். அப்போது சிகிச்சையின் விளைவு எது, மருத்துவரின் கை அழுத்தம் எது என்று பிரிக்கவே முடியாது. ஜெல்லைத் தாராளமாக இட்டு, படத்தின் மேல்விளிம்பில் அதன் கறுப்புப் பட்டை எப்போதும் தெரியும்படி வைத்துக்கொண்டோம்; பட்டை மறைந்தால் அந்தப் பதிவு தள்ளுபடி. ஒலிக்கற்றை இழைகளுக்குச் செங்குத்தாக விழாவிட்டால் தசையுறையின் வெண்கோடு மங்கிப்போகும் என்பதால் சாய்வையும் கவனித்தோம். கருவி தானாகவே படத்தை மெருகூட்டும் வசதிகளை அணைத்துவிட்டோம், ஏனெனில் அடுக்கின் நகர்வைக் கணிக்கப் படத்திலுள்ள பொடிப்புள்ளிகளைத்தான் ஒரு சட்டகத்திலிருந்து அடுத்ததற்குப் பின்தொடர்கிறோம், மெருகூட்டல் அந்தப் புள்ளிகளையே அழித்துவிடும். அதே காரணத்துக்காகச் சுருக்கப்பட்ட வீடியோவை ஏற்காமல் மூலப் பதிவையே வாங்கினோம்.

மோட்டார் மேசை எங்களிடம் இல்லை. நடுவில் மடியும் சிகிச்சைக் கட்டிலின் கால்பக்கத்தை, கைபேசி மெட்ரோனோமின் தாளத்துக்கு ஏற்ப உதவியாளர் ஒருவர் இறக்கி ஏற்றினார். மூச்சை இழுத்தால் தசையுறையும் இழுபடும் என்பதால், மூச்சை விட்டு முடித்த நிலையில் பதிவு தொடங்கியது. தோலில் இட்ட மை வேலூர் வெயிலின் வியர்வையில் நிற்கவில்லை. முதுகெலும்பின் முனைகளையும் மச்சங்களையும் ஒரு கண்ணாடித்தாளில் வரைந்துவைத்து, அதைப் பொருத்தியே ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பினோம்.

அளக்கும் மருத்துவருக்கு, யார் சிகிச்சைக் குழு, யார் ஒப்பீட்டுக் குழு என்று தெரியக் கூடாது. ஆனால் உண்மையான சிகிச்சைக்குப் பின் தோல் சிவந்துவிடும். வெறுமனே கை வைத்து எடுத்த ஒப்பீட்டுக் குழுவில் அப்படிச் சிவக்காது. எல்லாருக்கும் சிறிது ஓய்வு கொடுத்து, புரோப் நுழையும் அளவுக்கு மட்டும் துளையிட்ட துணியைப் போர்த்தினோம். சூடும் இரத்த ஓட்டமும் தணியவும் அந்த ஓய்வு உதவியது.

சிகிச்சையைத் தொடங்கும் முன், எதுவுமே செய்யாமல் ஒரே ஆளை இடைவெளி விட்டு இருமுறை அளந்து பார்த்தோம். அந்த இரண்டு அளவுகளுக்கிடையே வரும் வேறுபாட்டிலிருந்து அளவீட்டின் திட்டப் பிழையை, அதாவது அளவீடு தானாகவே எவ்வளவு தடுமாறுகிறது என்பதைக், கணக்கிட்டு, அதை 1.96ஆலும் 2இன் வர்க்கமூலத்தாலும், அதாவது ஏறத்தாழ 2.77ஆல், பெருக்கினால் வருவதே தனியொருவரிடம் மெய்யான மாற்றம் என்று நம்பத்தக்க மிகச்சிறிய அளவு. ஆய்வேட்டில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இதுதான், பரிசோதிக்க வந்த பேராசிரியரும் முதலில் இதைத்தான் புரட்டினார்.

தசையுறையின் தடிமனில் தெரிந்த மாற்றம் எல்லாரிடமும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிட்டது. நகர்வு சிலரிடம் எல்லையைத் தாண்டிக் கூடியது. ஆனால் வலி குறைந்ததாகச் சொன்னவர்கள் வேறு சிலர். சிகிச்சையால் பயனில்லை என்று இதைப் படிக்க முடியாது. வலி குறைவதற்கு நரம்பு மண்டலம் உட்படப் பல வழிகள் உண்டு, அவற்றில் ஒன்றைத்தான் படம் காட்டுகிறது. “இளகிவிட்டது” என்று நோயாளியிடம் சொல்வதை மட்டும் நான் நிறுத்திவிட்டேன். வலியும் குனியும் அளவும் எப்படி இருக்கின்றன என்று கேட்டு, அதையே குறித்துக்கொள்கிறேன்.

அடுத்து இதைச் செய்ய வரும் மாணவருக்கு, கருவியின் ஆழம், ஒலிப்பெருக்கம், குவியம் ஆகியவற்றைப் பதிந்த தாளையும் அந்தக் கண்ணாடித்தாள் முறையையும் துறையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சிகிச்சை முடிந்தவுடன் எடுக்கும் படத்தோடு நிறுத்தாமல், ஒரு வாரம் பீடி சுற்றிய பிறகும் அதே பெண்களை அளக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறேன்.