எங்கள் டொபர்மனுக்குத் தைரொயிட்: எட்டு மாதம் வீணாய்ப் போனது

சித்திரை வெயிலில் மட்டக்களப்புக் கல்லடியில் மனிசரே முற்றத்தில் நிற்கமாட்டோம். எங்கட றெக்ஸ் போய்ச் சுடுமணலில் படுப்பான். கழுத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பி ஹோர்மோனைக் குறைவாய்ச் சுரந்தால் நாய் சூட்டைத் தேடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கண்ணில் பட்டது முடி கொட்டினதுதான். இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி. வால் எலிவால் போல. சொறி என்று சொல்லி ஒரு இடத்தில் எட்டு மாதம் ஊசியும் பூச்சு மருந்தும். அவன் ஒருநாள்கூடச் சொறிந்ததில்லை! சொறியாமல் இரு பக்கமும் முடி போனால், சாப்பாடு கூடாமலே உடம்பு பெருத்தால், ஹோர்மோனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்க.

மறுகா நானே ஒரு பிழை விட்டேன். மனிசருக்குப் பார்க்கிற ஆய்வுகூடத்தில் இரத்தம் கொடுத்தேன். அங்கே டி.எஸ்.எச். (தைரொயிட்டைத் தூண்டுகிற ஹோர்மோன்) பார்க்கிற சோதனை நாயின் ஹோர்மோனைச் சரியாகப் பிடிக்காது. தைரொயிட் சுரக்கிற டி4 ஹோர்மோன் நாய்க்கு இயல்பிலேயே மனிசரைவிடக் குறைவு. அவங்கட அளவில் சுகமான நாயும் நோயாளிதான். போதாததுக்கு, சொறிக்கென்று போட்ட ஊசி ஸ்டீரொயிட். அதுவும் டி4ஐ இறக்கிவிடும். காசு போனது, அறிக்கை குப்பைக்கு.

புதிய மிருக வைத்தியர் ஊசியை நிறுத்தி, சில வாரம் பொறுத்து, நாய்களுக்கென்றே பார்க்கிற இடத்துக்குக் கொழும்புக்கு அனுப்பினார். டி4 குறைவு, டி.எஸ்.எச். கூட, கொலஸ்ட்ரோலும் கூட. நோய் உறுதி.

இனித்தான் பாமசிக் கதை. குறைகிற ஹோர்மோனுக்குப் பதிலாய்த் தைரொக்சின் குளிசை, கிலோவுக்கு 0.02 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு தரம் என்று வைத்தியர் மருந்துத் துண்டு எழுதித் தந்தார். 30 கிலோ நாய்க்கு 100 மைக்ரோகிராம் குளிசை காலையில் ஆறு, இரவில் ஆறு. "ஒரு ஆளுக்கே நாளைக்கு ஒண்டு, ரெண்டுதான். துண்டு பிழைகா" என்று திருப்பிவிட்டார்கள். பாலம் தாண்டி இரண்டு தரம் அலைந்தேன். நாயின் குடல் இந்த மருந்தைக் குறைவாகத்தான் எடுக்கும், எடுத்ததும் கெதியாய்க் கழிந்துவிடும். அதனால்தான் இந்த அளவு. துண்டில் "நாய்" என்பதையும் எடையையும் கிலோவுக்கு எவ்வளவு என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டு போங்க. மூன்றாந்தரம் அந்தத் துண்டைக் காட்டினேன். பேசாமல் எடுத்துத் தந்தார்கள்.

குளிசையைச் சோற்றுக்கு ஒரு மணித்தியாலம் முன்னமே, தினமும் ஒரே நேரத்தில் கொடுக்கிறேன். கல்சியம் மருந்தோடு சேர்க்கக் கூடாது. ஆறு வாரத்தில் மறுபடி இரத்தம் எடுத்தோம், குளிசை கொடுத்து 4 முதல் 6 மணித்தியாலத்துக்குள். ஓயாமல் மூச்சிளைப்பு, தண்ணீர்த் தாகம், அந்தரம் இருந்தால் மருந்து கூடியிருக்கலாம், உடனே வைத்தியரிடம் சொல்லுங்க.

மூன்றாம் கிழமை மோட்டச்சைக்கிள் சத்தம் கேட்டுப் படலைக்கு ஓடி வந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முடி வர மாதக்கணக்கானது. குளிசை ஆயுளுக்கும்.

குட்டி தந்தவருக்கு அழைத்துக் கேட்டேன். தாய்க்கும் இப்போது முடி கொட்டுதாம். டொபர்மனில் இது பரம்பரையாக வரும். தெரியவருவது பெரும்பாலும் குட்டி போட்ட பிறகுதான். போன மாதம் ஒருவர் சோடி சேர்க்கக் கேட்டு வந்தார். அறிக்கையைக் காட்டி அனுப்பிவிட்டு, அடுத்த கிழமையே றெக்ஸுக்கு விதை நீக்கம் செய்துவிட்டோம்.